சட்டைப் பையில் இருந்த பேட்டரி

சக் மெக்கில் தன் கோட்டின் மேல்பையில் கையை விட்டு, உள்ளே கிடந்ததை வெளியே எடுத்தபோது என் தம்பி கை தட்டினான். "யக்கா, முடிஞ்சுது! அண்ணங்காரன் காலி!" என்றான். 2020, ஊரடங்கு நேரம். வேலை பார்த்த ஊரிலிருந்து கிளம்பி வந்து என் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினமும் இரண்டு எபிசோடு என்று 'பெட்டர் கால் சால்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கை தட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த சில நிமிஷம் திரையில் நடந்ததைப் பார்த்த பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அந்த எபிசோடின் பெயர் 'சிக்கேனரி'. மூன்றாவது சீசனில் ஐந்தாவது. அமெரிக்காவில் ஏ.எம்.சி. சேனலில் 2017 மே 8 அன்று ஒளிபரப்பானது. அதற்கப்புறம் நான் ஐந்தாறு தடவை பார்த்துவிட்டேன். போன வாரம் தம்பி வந்திருந்தான். மறுபடியும் சேர்ந்து பார்த்தோம், மறுபடியும் சண்டை போட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். இங்கே கதை முழுக்க வரும்.

கதை நடப்பது நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகெர்க்கி நகரத்தில். அண்ணன் சக் மெக்கில் அந்த ஊரின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். நிறுவனத்தின் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். தம்பி ஜிம்மி நேரெதிர். வேண்டுமென்றே வழுக்கி விழுந்து கடைக்காரர்களிடம் நஷ்ட ஈடு கறந்த ஆள். அசிங்கமான ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டவனை அண்ணன்தான் வெளியே கொண்டுவந்து, தன் நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலையும் போட்டுக் கொடுக்கிறார். அங்கே இருந்துகொண்டே ஜிம்மி தொலைதூரக் கல்வியில் சட்டம் படித்து, யாருக்கும் சொல்லாமல் வக்கீலாகிவிடுகிறான். அண்ணன் மகிழ்ந்துபோவார் என்று நினைக்கிறான். அண்ணன் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, கூட்டாளி ஹோவர்ட் ஹாம்லினை முன்னால் நிறுத்தி, அவன் அந்த நிறுவனத்தில் வக்கீலாக நுழைய முடியாமல் செய்துவிடுகிறார். இத்தனை நாள் கதவைச் சாத்தியது யார் என்பது ஜிம்மிக்கு முதல் சீசன் முடியும் தறுவாயில்தான் தெரிகிறது.

சக்குக்கு ஒரு வியாதி உண்டு. மின்சாரம் பக்கத்தில் இருந்தால் உடம்பு எரிகிறது, மூச்சு முட்டுகிறது. வீட்டில் விளக்கு, பிரிட்ஜ், போன் எதுவும் கிடையாது. லாந்தர் வெளிச்சத்தில் வாழ்கிறார். வெளியே போவதென்றால் பளபளக்கும் உலோகப் போர்வையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஐஸ் கட்டி, மளிகைச் சாமான், அன்றைய செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் நாள் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பது ஜிம்மி. அந்த வீட்டுக்குள் நுழையும் முன் கடிகாரத்தையும் போனையும் சாவியையும் வெளியே தபால் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வரும் தம்பி அவன்.

அப்புறம் மெசா வெர்டே என்ற வங்கியின் விவகாரம். ஜிம்மியின் தோழி கிம் வெக்ஸ்லர் அரும்பாடுபட்டுப் பிடித்த கட்சிக்காரரை சக் தன் நிறுவனத்துக்கே திருப்பிக்கொள்கிறார். ஜிம்மி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஜெராக்ஸ் கடையில் வைத்து அண்ணனின் ஆவணங்களில் ஒரு முகவரியை மாற்றி ஒட்டுகிறான். 1216 என்ற எண் 1261 ஆகிறது. விசாரணையில் சக் தலைகுனிகிறார். வாழ்நாளில் எழுத்துப் பிழை விடாத மனுஷன் "நான் தப்பு விட்டிருக்கவே முடியாது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தம்பி செய்த வேலை என்று சக்குக்கு மட்டும் தெரிகிறது. நிரூபிக்க வழியில்லை. அதனால் ஒரு நாடகம் போடுகிறார். சுவரெல்லாம் பளபளக்கும் தாளை ஒட்டிக்கொண்டு, தன் மூளையே தன்னைக் கைவிட்டுவிட்டது, தொழிலை விடப்போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்கத் தாங்காத ஜிம்மி, "நீ தப்பு பண்ணலை, நான்தான் மாத்தினேன்" என்று சொல்லிவிடுகிறான். மறைவில் டேப் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த டேப்பை உடைக்க ஜிம்மி அண்ணன் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போகிறான். அதைத்தான் சக்கும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். சாட்சிகள் ஒளிந்திருக்கிறார்கள். இப்போது ஜிம்மியின் வக்கீல் உரிமத்தைப் பறிக்கலாமா என்று மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கிறது. 'சிக்கேனரி' எபிசோடில் பெரும்பகுதி அந்த ஒரே அறைக்குள்தான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு மேசை, ஒரு சாட்சிக் கூண்டு, ஒரு அண்ணன், ஒரு தம்பி.

ஆனால் எபிசோடு ஆரம்பிப்பது அங்கே இல்லை. சில வருஷம் முந்தைய ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பிக்கிறது. சக்கின் முன்னாள் மனைவி ரெபெக்கா வருகிறாள். வயலின் கலைஞர். சக்குக்கு இன்னும் அவள்மேல் ஆசை போகவில்லை. தன் வியாதி அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, மின்சார கம்பெனிக்காரர்கள் முகவரியைக் குழப்பி இணைப்பைத் துண்டித்துவிட்டதாகக் கதை கட்டுகிறார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விருந்து. ஜிம்மியும் கூடவே உட்கார்ந்து பொய்க்கு ஒத்து ஊதுகிறான். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருக்கும்போது ரெபெக்காவின் கைப்பைக்குள் போன் அடிக்கிறது. அவள் எடுத்துப் பேசிக்கொண்டே நடக்கிறாள். சக்கின் முகத்தைப் பாருங்கள். வலியை விழுங்கப் பார்க்கிறார், முடியவில்லை. சட்டென்று அவள் கையிலிருந்து போனைத் தட்டிவிடுகிறார்.

அவள் திகைத்து நிற்கிறாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு வரி போதும். சக் சொல்வதோ வேறு: விருந்தின் நடுவில் போன் பேசுவது மரியாதை இல்லையாம். அவளையே குற்றவாளி ஆக்கி அனுப்பிவிடுகிறார். அவள் போன பிறகு ஜிம்மி, "அவகிட்ட சொல்லிடுண்ணே" என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறான். சக் மறுத்துவிடுகிறார். பைத்தியக்காரன் என்று ஒருத்தி நினைப்பதைவிட முரடன் என்று நினைப்பது அவருக்குப் பரவாயில்லையாக இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது இந்தக் காட்சி ஏன் வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது தடவை பார்க்கும்போது இதுதான் கத்தியைத் தீட்டும் சத்தம் என்று தெரிந்தது. யார் முன்னால் அவமானப்பட்டால் அண்ணன் சுக்குநூறாகிவிடுவார் என்பதை ஜிம்மி அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்கிறான். விசாரணை நாளில் அதே ரெபெக்காவை வரவழைத்துப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்கிறான்.

விசாரணை அறையைப் பற்றி ஒரு வார்த்தை. சக் வருகிறார் என்பதால் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். எல்லாரும் போனையும் கைக்கடிகாரத்தையும் வெளியே கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வழக்கு நடக்கிறது. ஒரு மனுஷனின் நோவுக்காக ஒரு நீதி மன்றமே தன்னை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. லிப்ட் ஆகாது என்பதால் சக் படியேறி வருகிறார். அப்போது கனத்த உடம்புக்காரர் ஒருவர் எதிரே வந்து லேசாக உரசிவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். இதற்கு முன் வந்த 'பிரேக்கிங் பேட்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அவர் ஹ்யூல் என்று அடையாளம் தெரிந்திருக்கும். தம்பி உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சக் சாட்சி சொல்லும் முதல் பகுதி கம்பீரமானது. தம்பியை வெறுக்கவில்லை என்கிறார். சட்டம் மனித குலத்தின் பெரிய சாதனை, யாராக இருந்தாலும் செய்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அதன் உயிர் என்கிற மாதிரிப் பேசுகிறார். ஒத்திகை பார்த்த பேச்சுதான். ஆனால் மனசிலிருந்து வருவதும்தான். அவர் அந்தச் சொற்களை நம்புகிறார். நானும் நம்பினேன்.

அப்புறம் ஜிம்மி எழுந்து குறுக்கு விசாரணை ஆரம்பிக்கிறான். வியாதியைப் பற்றிக் கேட்கிறான். எப்படி இருக்கும், எங்கே வலிக்கும், எவ்வளவு தூரத்தில் தெரியும். சக் பொறுமையாக விளக்குகிறார். தூரம் கூடக்கூடத் தாக்கம் குறையும் என்று பாடம் நடத்துகிற தொனி. இப்போது இந்த அறையில் உனக்குத் தெரிகிறதா, பக்கத்தில் எங்கேயாவது மின்சாரம் இருக்கிறதா என்று கேட்கிறான். சக் அவனைக் கூர்ந்து பார்க்கிறார். உன் பையில் ஏதோ இருக்கிறது என்கிறார். ஜிம்மி தன் போனை எடுக்கிறான். சக் சிரிக்கிறார். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தானே கொண்டுவந்தாய், இது என்ன சில்லறை வித்தை என்று மடக்கிவிடுகிறார். தம்பியின் தந்திரத்தைக் கண்டுபிடித்த அண்ணனின் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, இந்தக் குடும்பத்தில் பல வருஷமாக நடந்துவந்த ஆட்டத்தில் ஜெயித்துவிட்ட சிரிப்பு அது.

பேட்டரி எங்கே என்று ஜிம்மி கேட்கிறான். தெரியாது என்கிறார். உங்களுக்குத் தெரியவில்லையா? இல்லை. சரி, மேல்பையில் என்ன இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி. ஹ்யூல் படிக்கட்டில் உரசியபோது போட்டது. ஒரு மணி 43 நிமிஷமாக நெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. சக் தேளைத் தொட்ட மாதிரி அதைக் கீழே போடுகிறார்.

இங்கேதான் தம்பி கை தட்டினான். இதற்கு மேல்தான் எபிசோடின் உயிர். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சக்குக்கு ஆதரவாகவே பேசுகிறார்: இவருக்கு மனநோய் இருக்கலாம், அதற்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை, மனச்சிதைவே இருந்தாலும் ஜிம்மி செய்த குற்றம் குற்றம்தான். சட்டப்படி நூற்றுக்கு நூறு சரியான வாதம். அந்த இடத்தில் சக் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் தன் ஆளே தன்னை மனநோயாளி என்று சொன்னதுதான் அவர் காதில் விழுகிறது. ரெபெக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பைத்தியம் இல்லை என்று ஆரம்பிக்கிறார். எண்ணை அவன்தான் மாற்றினான், அது 1216, மாக்னா கார்ட்டாவுக்கு அடுத்த வருஷம், நான் போய் அதில் தப்பு விடுவேனா என்கிறார். 1215-ல் எழுதப்பட்ட அந்த சாசனத்தை வைத்து ஒரு தெரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்கிற மனுஷன்! அதைச் சொல்வதே அவர் நியாயத்துக்குச் சாட்சி, அதைச் சொல்கிற விதமே அவருக்கு எதிரான சாட்சி. ஜெராக்ஸ் கடைப் பையனைப் பொய் சொல்ல வைத்தது, விளம்பரப் பலகையிலிருந்து ஆள் விழுந்ததாக நடித்தது, சிகாகோவில் அந்தக் காருக்குள் செய்த அசிங்கம், ஒன்பது வயசில் அப்பா கடைக் கல்லாவில் கைவைத்தது என்று பின்னால் பின்னால் போகிறார். குரல் ஏறுகிறது. கேமரா அவசரமே இல்லாமல் அவர் முகத்தை நெருங்கிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் செல்லப் பிள்ளை ஜிம்மி, அவன் எதுவும் செய்திருக்க மாட்டான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள் என்று ஒரு இடம் வருகிறது. அங்கே அறுபது வயசு வக்கீலின் முகத்தில் ஒரு பையன் தெரிகிறான். கடைசியில், இவனை நீங்கள் நிறுத்தியாக வேண்டும் என்று குழுவைப் பார்த்துக் கையை நீட்டும்போது, அவர்கள் தன்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்துவிடுகிறார். வாய் நின்றுவிடுகிறது. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன், மன்னிக்கணும் என்று முனகுகிறார்.

ஜிம்மிக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

சக்காக நடித்த மைக்கேல் மெக்கீன் பெயர் வாங்கியது நகைச்சுவையில். இந்தச் சில நிமிஷத்துக்கு அவருக்கு அந்த வருஷம் எம்மி விருதுப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. எழுதிய கார்டன் ஸ்மித்துக்குப் பரிந்துரை கிடைத்தது, நியாயம்தான். மெக்கீனை விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தக் கடைசிப் பார்வையை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோபத்திலிருந்து வெட்கத்துக்கு ஒரு மனுஷன் எத்தனை நொடியில் வந்து சேர்கிறான் என்று தெரியும்.

இப்போது எனக்கும் தம்பிக்கும் உள்ள சண்டைக்கு வருகிறேன்.

நான் மூத்தவள். வீட்டில் பொறுப்பு என்று ஒன்று இருந்தால் அது என் தலையில்தான் வந்து விழும். அதனாலோ என்னவோ, சக் கத்தியதைக் கேட்டபோது நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எண்ணை மாற்றியது உண்மை. ஜெராக்ஸ் கடைப் பையனுக்குக் காசு கொடுத்தது உண்மை. விளம்பரப் பலகை நாடகம் உண்மை. கல்லாவில் கைவைத்தது உண்மை. நாம் எல்லாவற்றையும் நம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த அறையில் உட்கார்ந்திருந்த யாரும் பார்க்கவில்லை, பார்வையாளர்களான நமக்கு மட்டும் தெரியும். அவர் சொன்னதில் ஒரு பொய்கூடக் கிடையாது. இருந்தும் நாம் அவர் தோற்பதைப் பார்க்கத்தானே காத்துக்கொண்டிருந்தோம்? "அத்தனையும் உண்மைடா, அப்புறம் எதுக்குக் கை தட்டின?" என்று தம்பியைக் கேட்டேன்.

அவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "யக்கா, டேப் வச்சது யாரு? தம்பிக்குத் தன்மேல பாசம் இருக்குன்னு தெரிஞ்சுதான பொறி வச்சாரு? ஜெராக்ஸ் கடைல அண்ணன் மயங்கி விழுந்தப்போ ஜிம்மி ஒளிஞ்சே இருந்திருந்தா மாட்டிருக்கவே மாட்டான். ஓடிப்போய்க் காப்பாத்தினான்ல? அதை வச்சுத்தான சந்தேகம் உறுதியாச்சு?" என்றான். சரிதான். ஜிம்மி மாட்டிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அண்ணன்மேல் இருந்த பாசத்தால்தான் மாட்டிக்கொள்கிறான். அதோடு அவன் இன்னொன்றையும் எடுத்துப் போட்டான். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில், ஆஸ்பத்திரியில் அம்மா உயிர் போகும் நேரம். ஜிம்மி சாப்பிட ஏதாவது வாங்கி வரப் போயிருக்கிறான். சக் மட்டும் பக்கத்தில் இருக்கிறார். அம்மா கண் திறந்து "ஜிம்மி" என்கிறாள். பக்கத்தில் இருக்கும் மூத்த பிள்ளையின் பெயர் அவள் வாயில் வரவில்லை. ஜிம்மி திரும்பி வந்து, அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் சக். "அந்த ஒரு வார்த்தையை அவன்கிட்ட குடுக்க மனசு வரலையேக்கா அவருக்கு" என்றான் தம்பி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இளைய பிள்ளைகள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள் போல. மூத்தவர்களுக்கு அதில் வேறொன்று தெரியும்: கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று.

ஆனால் என் வாதம் பேட்டரியைப் பற்றியது. அது ஜிம்மி அன்றைக்குப் புதிதாக யோசித்த யோசனை இல்லை. முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடுக்குப் போங்கள். சக் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். ஜிம்மியும் கிம்மும் பக்கத்தில் நிற்கிறார்கள். டாக்டரம்மா சக்கிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவருக்குத் தெரியாமல் கட்டிலின் மின்சாரத்தை ஆன் செய்கிறார். சக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். டாக்டர் ஜிம்மியின் முகத்தைப் பார்க்கிறார். மனநல சிகிச்சைக்குச் சேர்க்கலாம், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். ஜிம்மி மாட்டேன் என்று சொல்லிவிட்டு அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். மறுபடியும் ஐஸ் கட்டி, செய்தித்தாள், லாந்தர். தெரிந்தும் தெரியாத மாதிரி அத்தனை நாள் அந்தத் தபால் பெட்டியில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். இந்தத் தொடரில் நான் பார்த்த மிகப் பெரிய அன்பு அதுதான்.

அந்த அன்பால் கிடைத்த ரகசியத்தை எடுத்து ஊர் முன்னால் வீசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னான், ஏமாற்றினான், எண்ணை மாற்றினான், எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். நோயாளியைப் பார்த்துக்கொண்ட கைக்குத்தான் எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரியும். அந்தக் கையே தொட்டுக் காட்டினால்?

நான் இதைச் சொல்லி முடித்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "நம்ம வீட்லயும்தான் நடந்துச்சு" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அதனாலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அம்மா போன பிறகு அப்பாவை ஊரிலிருந்து சென்னைக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பிறந்ததிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குடித்த மனுஷர். இங்கே வந்த ஒரு மாசத்தில், தண்ணீர் குடித்தால் நாக்கு எரிகிறது என்றார். கேன் தண்ணீரில் மருந்து வாடை வருகிறது என்றார். காய்ச்சி ஆற வைத்துக் கொடுத்தேன், எரிகிறது. வேறு கம்பெனி கேன் வாங்கினேன், எரிகிறது. டாக்டர் நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். ஊரிலிருந்து யார் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தாலும் ஐந்து லிட்டர் கேனில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னோம். அதை ஊரிலிருந்து வந்த செப்புக் குடத்தில் ஊற்றி வைப்பேன். அப்பா சொம்பில் மொண்டு, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "இது தண்ணி!" என்பார். எரிச்சல் போய்விடும்.

எத்தனை நாளைக்கு ஆள் வரும்? ஒரு நாள் குடம் காலி. நான் கேன் தண்ணீரைக் குடத்தில் நிரப்பினேன். அப்பா குடித்தார். "இது தண்ணி!" என்றார். அன்றிலிருந்து நாலு மாசம் அப்படியே ஓடியது. தம்பிக்கும் சொல்லி வைத்திருந்தேன். அவன் வரும்போதெல்லாம், "ஊர்லருந்து கேன் வந்துச்சுப்பா" என்பான்.

அப்புறம் ஒரு நாள் அத்தை வந்திருந்தாள். நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். உள்ளே அப்பா அத்தையிடம், மகள் வீட்டில் நல்ல தண்ணிக்கு வழியில்லை, கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அவருக்கு மூன்று வேளைக்கும் செய்து வைத்துவிட்டுப் போனவள் நான். என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் குடத்திலிருந்து ஊற்றினேன், ஒன்றில் கேனிலிருந்து. அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, "எது ஆத்துத் தண்ணி, குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அத்தை, "விடுத்தா" என்றாள். நான் விடவில்லை. அப்பா இரண்டையும் குடித்தார். யோசித்து, இடது பக்க டம்ளரைக் காட்டினார். "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. நாலு மாசமா இதத்தான் குடிக்கிறீங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார். கட்டிக்கொடுத்த தங்கச்சி எதிரில், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனுஷர். காது மடல் சிவந்துபோயிருந்தது. "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் சொன்னது அத்தனையும் உண்மை.

மின்சாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிற இந்த வியாதியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் ஒரு குறிப்பு வெளியிட்டது. ஜிம்மி செய்தது போலவே, மின்காந்த அலை எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்று சொல்லாமல் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களால் கண்டுபிடித்துச் சொல்ல முடியவில்லை. அலைக்கும் உபாதைக்கும் தொடர்பு இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, உபாதை உண்மையானது, சிலரை முடக்கிப் போடும் அளவுக்குப் போகக்கூடியது என்றும் அதே குறிப்பு சொல்கிறது. முதல் பாதியை நிரூபிப்பது சுலபம். ஒரு பேட்டரி போதும், இரண்டு டம்ளர் போதும்.

எபிசோடின் கடைசி ஷாட்டை இதை வைத்துப் பார்க்க வேண்டும். சக் சாட்சிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பேட்டரி ஒன்றும் செய்யவில்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் அவர் பார்வை போகிற இடத்தில், சுவரில் 'எக்ஸிட்' என்று எரியும் பலகை 'ஙொய்' என்று இரைகிறது. அவருக்கு அது இன்னும் கேட்கிறது. நமக்கும் கேட்கிறது. அங்கே முடித்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் சரிவுதான். ஜிம்மிக்கு ஒரு வருஷத் தடை மட்டும். ரெபெக்கா அவனிடம் வந்து, அண்ணனுக்கு உதவி செய் என்று கேட்கிறாள். மறுக்கிறான். சக் உன்னைப் பற்றிச் சொன்னது சரிதான், அவருக்காவது மனநோய், உனக்கு என்ன கேடு என்கிற அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறாள். அந்த சீசன் முடிவில் சக் லாந்தரை உதைத்துத் தள்ளித் தன்னையும் வீட்டையும் எரித்துக்கொள்கிறார். தொடர் 2022 ஆகஸ்டில் முடிந்தது. கடைசி எபிசோடில் ஏழரை வருஷத்தோடு தப்பித்திருக்க வேண்டிய ஜிம்மி, நீதிமன்றத்தில் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு 86 வருஷம் வாங்கிக்கொள்கிறான். அப்போது அண்ணனுக்குச் செய்ததைப் பற்றியும் சொல்கிறான். அது குற்றமே இல்லையே என்று அவன் பக்கத்து வக்கீல் பிறகு கேட்கும்போது, குற்றம்தான் என்கிறான். அந்த இடத்தை மட்டும் தம்பி போன வாரம் இரண்டு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தான். கை தட்டவில்லை.

அப்பா 2018-ல் காலமானார். அந்த டம்ளர் விவகாரத்துக்கு மறுநாள் காலையில், நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அப்பா தன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், எரியும்போது அப்படித்தான் செய்வார். "யம்மா, ஆத்துத் தண்ணி இன்னும் கொஞ்சம் கெடக்கா?" என்றார்.

"கெடக்குப்பா" என்று குடத்தைச் சாய்த்தேன்.